பலகையும் துணியும்: மின்நூல் கருவிக்குத் தகுந்த உறையைத் தேர்ந்தெடுக்கும் முறை

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் மத்திய அரசின் நிதிநிலை அறிக்கை முதன்முறையாகத் தாளின்றித் தாக்கல் செய்யப்பட்டது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அன்று நாடாளுமன்றத்துக்குக் கொண்டு வந்தது ஒரு கைக்கணினி. அது தேசியச் சின்னம் பொறித்த சிவப்புத் துணி உறைக்குள் இருந்தது. 2019-இல் வழக்கமான தோல்பெட்டிக்குப் பதிலாகச் சிவப்புத் துணியில் சுற்றிய ஆவணங்களை அவர் ஏந்தி வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். குஜராத், இராஜஸ்தான் முதலிய மாநிலங்களின் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்த, சிவப்புத் துணி போர்த்திய ‘பஹி காத்தா’ என்னும் கணக்கேட்டின் வடிவமே அது.

உள்ளே இருப்பது தாளாயினும் மின்கருவியாயினும், மதிப்புள்ள எழுத்தை உறையிட்டுக் காப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். இவ்வழக்கத்தின் நுட்பத்தைத் தமிழகம், கேரளம், ஒடிசா ஆகிய பகுதிகளின் பனையோலைச் சுவடிகளில் காணலாம். சுவடியின் மேலும் கீழும் ஓலையின் அளவுக்கே அறுத்த மரப்பலகைகளை வைத்து, கயிற்றால் கட்டி, அதன் பின்னரே துணியில் சுற்றி வைத்தனர். ஓலை வளையாமலும் முறியாமலும் பலகை காத்தது. தூசியையும் உராய்வையும் துணி தடுத்தது. ஒன்றின் வேலையை மற்றொன்றால் செய்ய இயலாது.

மின்நூல் கருவிக்கு உறை வாங்கும்போது நாம் மனத்தில் நிறுத்த வேண்டிய பாடமும் இதுவே. கடையில் நம் கண்ணை முதலில் ஈர்ப்பவை நிறம், மென்மை, விலைக் குறைப்பு ஆகியவை. ஆனால் கருவிக்குப் பெரிதும் தேவைப்படுவது துணியின் மென்மையா, பலகையின் உறுதியா, அல்லது இரண்டுமா என்பதை அது எங்கே, எதனருகில், எப்படிப் பயணம் செய்கிறது என்பதே முடிவு செய்கிறது. இக்கட்டுரையில் முதலில் கருவியின் அமைப்பையும், பிறகு அது பழுதாகும் வழிகளையும், இறுதியாக உறையைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் காண்போம்.

கருவியின் உள்ளமைப்பு

கிண்டில், கோபோ போன்ற கருவிகளின் திரை, கைப்பேசித் திரையைப் போன்றதன்று. அது மின்மைத் திரை. 1997-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் தொடங்கப்பட்ட ‘இ இங்க்’ நிறுவனம் இத்தொழில்நுட்பத்தை வணிக நிலைக்குக் கொண்டு வந்தது. 2004-இல் சோனி நிறுவனம் ஜப்பானில் மின்மைத் திரை கொண்ட வாசிப்புக் கருவியை வெளியிட்டது. அமேசானின் முதல் கிண்டில் 2007-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவுக்கான கிண்டில் நூலங்காடி 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது.

மின்மைத் திரையில் தலைமுடியின் பருமனையொத்த நுண்குமிழிகள் ஏராளமாக உள்ளன. ஒவ்வொரு குமிழியிலும் தெளிந்த திரவத்தில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. இவ்விரு வகைத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவை. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒரு வகை மேலே வரும். மற்றது கீழே செல்லும். கருந்துகள் மேலே வந்த இடம் எழுத்தாகவும், வெண்துகள் மேலே வந்த இடம் தாளாகவும் நமக்குத் தெரிகின்றன. ஒரு முறை அமைந்த பக்கம், மின்சாரம் இல்லாமலேயே அப்படியே நிற்கும். பேட்டரி பல நாள்கள் நீடிப்பதற்கும், கண்ணுக்கு அயர்ச்சி குறைவதற்கும் இவ்வமைப்பே காரணம்.

குமிழிப் படலத்தின் அடியில், ஒவ்வொரு புள்ளிக்கும் மின்புலத்தைச் செலுத்தும் நுண்சுற்று உள்ளது. பெரும்பாலான கருவிகளில் இச்சுற்று மிக மெல்லிய கண்ணாடித் தகட்டின் மீது பதிக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசியின் மேற்பரப்பில் உள்ள பதப்படுத்திய கண்ணாடியைப் போல இத்தகடு வலுவூட்டப்பட்டதன்று. கனம் கூடாதிருக்க மெலிதாகவே செய்யப்பட்டது. கருவியின் ‘ஓலை’ இதுவே.

ஆகவேதான் மின்நூல் கருவியின் பழுது பலருக்கும் வியப்பளிக்கிறது. மேற்பரப்பைத் தடவினால் வழவழப்பாகவே இருக்கும், கீறல்கூடத் தென்படாது. ஆனால் திரையின் ஒரு பகுதியில் பழைய பக்கத்தின் படம் உறைந்து நிற்கும். மற்றொரு பகுதியில் கோடுகள் ஓடும். உள்ளிருக்கும் தகடு முறிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். முறிந்த தகட்டை ஒட்ட வழியில்லை. திரை முழுவதையும் மாற்ற வேண்டும். கருவியின் விலையில் பெரும்பகுதி திரைக்கானது என்பதால், பழுதுபார்ப்பதைவிடப் புதிதாக வாங்கிவிடலாம் என்ற நிலைக்கே பலர் வந்து சேர்கின்றனர்.

பழுது நேரும் நான்கு வழிகள்

முதலாவது அழுத்தம். அலுவலகப் பையில் எவர்சில்வர் டிபன் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, குடை, சாவிக்கொத்து ஆகியவற்றுடன் கருவியும் இருக்கிறது. நெரிசலில் பை இறுகும்போது, டிபன் பெட்டியின் விளிம்பு திரையின் ஒரே புள்ளியில் முழு விசையையும் செலுத்துகிறது. மென்துணி உறை அவ்விசையைப் பரப்பாது. அப்படியே உள்ளே கடத்திவிடும். விசையைப் பரப்புவதற்குப் பலகை போன்ற விறைப்பான முகப்பு வேண்டும்.

இரண்டாவது வளைவு. இரயிலில் படுத்துப் படித்துவிட்டுக் கருவியைத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்குவது, மெத்தையின் மீது வைத்துவிட்டு அறியாமல் அமர்வது, மென்மையான பையின் வெளிப்புற அறையில் செருகுவது ஆகியவை கருவியை முறுக்குகின்றன. பிளாஸ்டிக் உடல் சற்று வளைந்து மீளும். உள்ளிருக்கும் கண்ணாடி மீளாது.

மூன்றாவது வீழ்ச்சி. தட்டையாக விழுவதைவிட, மூலையில் மோதி விழுவதே தீங்கானது. மோதலின் விசை முழுவதும் ஒரு மூலையில் குவிகிறது. இங்கே தேவைப்படுவது விறைப்பன்று. மோதலை உறிஞ்சும் மென்மை. மூலைகளில் சற்றுத் தடிப்பான நெகிழ்பொருள் இருத்தல் வேண்டும்.

நான்காவது சூழல். வட இந்தியச் சமவெளியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகை செல்சியஸைத் தாண்டும் நாள்கள் உண்டு. மூடிய காரின் உள்வெப்பம் அதனினும் மிகுதி. இத்தகைய கருவிகள் பொதுவாக 35 பாகை வரையிலான வெப்பத்தில் இயங்குவதற்கே வடிவமைக்கப்பட்டவை. கேரளத்தில் ஜூன் முதல் நாளையொட்டித் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, மேற்குக் கடற்கரை நெடுகிலும் ஈரப்பதத்தைப் பல மாதங்களுக்கு நிறுத்தி வைக்கிறது. இவற்றோடு தூசியும் மணல்துகளும் சேர்கின்றன.

இந்நான்கில் எது நம் அன்றாட வாழ்வில் முதன்மையானது என்று கண்டறிந்தால், உறையைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாதி முடிந்ததாகும்.

உறைகளின் வகைகள்

புத்தக உறை: நூலின் அட்டையைப் போலத் திறந்து மூடுவது. பின்புறம் கருவியைப் பற்றியிருக்கும். முன்புற மூடி திரையை மறைக்கும். மூடிக்குள் விறைப்பான அட்டையோ பிளாஸ்டிக் தகடோ இருந்தால், அழுத்தத்தையும் வளைவையும் நன்கு தாங்கும். பெரும்பாலானோருக்கு ஏற்ற வகை இதுவே. மூடியில் பொதிந்துள்ள சிறு காந்தம், கருவிக்குள் இருக்கும் காந்த உணரியைத் தூண்டுவதால், மூடினால் கருவி உறங்கும், திறந்தால் விழிக்கும். எடை கூடுவது இதன் குறை.

முதுகு உறை: கைப்பேசிக்குப் போடுவதைப் போன்று, பின்புறத்தையும் விளிம்புகளையும் மட்டும் மூடும் நெகிழ் பிளாஸ்டிக் உறை. எடை குறைவு; பிடிப்பு நன்று; வீழ்ச்சியிலிருந்து ஓரளவு காக்கும். ஆனால் திரை திறந்தே இருக்கிறது. பையில் வைத்து எடுத்துச் செல்வோருக்கு இது மட்டும் போதாது.

செருகு உறை: கருவியை உள்ளே செருகி வைக்கும் துணிப்பை. நியோபிரீன் என்னும் நுரைப்பொருள், கம்பளிநமதை, கான்வாஸ், கைத்தறித் துணி ஆகியவற்றால் ஆனது. படிக்கும்போது கருவியை வெளியே எடுத்துவிடுவதால் கைக்குக் கூடுதல் பாரம் இல்லை. தூசி, உராய்வு, சிறு மோதல்கள் ஆகியவற்றைத் தடுக்கும். அழுத்தத்தைத் தடுக்காது. இதை விரும்புவோர், திரையின் பக்கமாக அளவறிந்து வெட்டிய தடித்த அட்டை ஒன்றைச் செருகிக்கொண்டால், பழைய சுவடியின் பலகையைச் சேர்த்ததாகும்.

கடினப் பெட்டி உறை: இறுகிய நுரையால் வார்க்கப்பட்டு, சுற்றிலும் ஜிப் வைத்தது. நெடும்பயணம் செல்வோருக்கும், சூட்கேசின் நடுவே வைத்து எடுத்துச் செல்வோருக்கும் தகுந்தது. பருமன் மிகுதி, அன்றாடப் பைக்குள் இடத்தை அடைக்கும்.

பொருள்களின் இயல்பு

பதனிட்ட தோல் ஆண்டுகள் செல்லச் செல்லப் பொலிவு பெறும். ஆயினும் மழைக்காலத்தில் காற்றோட்டமில்லாத அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மும்பை, கொங்கண், கேரளம் போன்ற ஈரப்பகுதிகளில் வசிப்போர் அவ்வப்போது துடைத்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும்.

செயற்கைத் தோல் என விற்கப்படுவது பெரும்பாலும் துணியின் மீது பாலியூரிதேன் பூசியது. ஈரமும் வெப்பமும் அப்பூச்சைச் சிதைக்கும். சில ஆண்டுகளில் அது செதில் செதிலாக உரிவதை நாம் கைப்பைகளிலும் நாற்காலிகளிலும் கண்டிருக்கிறோம். உரிந்த செதில்கள் மின்னேற்றத் துளையில் புகுவதும் உண்டு. செயற்கைத் தோலைத் தேர்ந்தெடுத்தால், மடிப்பு விழும் முதுகுப் பகுதியையும் ஓரத் தையலையும் உற்றுப் பார்ப்பது நலம். உரிதல் அங்கிருந்தே தொடங்கும்.

கான்வாஸும் கைத்தறியும் நம் தட்பவெப்பத்துக்கு இசைந்தவை, துவைக்கலாம், வியர்வை படிந்தாலும் கெடா. மழையைத் தடுக்க மாட்டா என்பதே குறை. நியோபிரீன் நீர்த்துளிகளைச் சற்று நேரம் தடுக்கும். தையலின் வழியாகவும் ஜிப்பின் வழியாகவும் நீர் நுழையும். ஆகவே எந்த உறையாயினும், மழைக்காலத்தில் பையில் ஒரு ஜிப்-லாக் பிளாஸ்டிக் உறையையும் வைத்திருப்பது சில ரூபாயில் கிடைக்கும் நல்ல பாதுகாப்பு.

இங்கே ஒரு விளக்கம் தேவை. ‘ஐபிஎக்ஸ்8’ என்னும் தரக்குறியீடு பெற்ற கருவிகள் நீரில் மூழ்கினாலும் தாங்கும். 2018 முதல் வந்த கிண்டில் பேப்பர்வைட் கருவிகளுக்கு 2 மீட்டர் ஆழ நன்னீரில் 60 நிமிடம் என்று அளவு கூறப்படுகிறது. அடிப்படைக் கிண்டிலுக்கு இத்தகுதி இல்லை. மேலும், இக்குறியீடு கருவிக்கு உரியது, உறைக்கு உரியதன்று. நனைந்த உறைக்குள் கருவியை மூடி வைத்தால் ஈரம் நெடுநேரம் தங்கும். நனைந்தவுடன் இரண்டையும் பிரித்து உலர்த்த வேண்டும். மின்னேற்றத் துளை முற்றிலும் காயும்வரை மின்னிணைப்புக் கொடுக்கலாகாது.

பெயர் ஒன்று, அளவு வேறு

உறை வாங்குவோர் அடிக்கடி தவறவிடும் செய்தி இது. ‘பேப்பர்வைட்’ என்னும் ஒரே பெயரில் 2018-இல் 6 அங்குலத் திரையும், 2021-இல் 6.8 அங்குலத் திரையும், 2024-இல் 7 அங்குலத் திரையும் வெளிவந்தன. 2021-ஆம் ஆண்டுக் கருவியின் உயரம் ஏறத்தாழ 174 மில்லிமீட்டர். 2024-ஆம் ஆண்டுக் கருவியின் உயரம் ஏறத்தாழ 177 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் முந்தையதற்கான இறுக்க உறையில் பிந்தையது நுழையாது. பிந்தையதற்கான உறையில் முந்தையது ஆடிக்கொண்டிருக்கும். ஆடும் கருவி, சிறு வீழ்ச்சியிலும் உறையிலிருந்து நழுவி வெளியேறும்.

ஆகவே, கருவியின் பெயரை மட்டும் நம்பாமல், அமைப்புப் பக்கத்தில் காணப்படும் தலைமுறை எண்ணையும், அளவுகோலால் அளந்த நீள அகலங்களையும் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வோம்.

எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2022-ஆம் ஆண்டு அடிப்படைக் கிண்டிலின் எடை 158 கிராம். அதற்கு 120 கிராம் எடையுள்ள உறையைப் போட்டால் மொத்தம் 278 கிராம் ஆகிறது. கைக்கு ஏறும் பாரம் முக்கால் மடங்கு கூடிவிட்டது. ஒரு மணி நேரம் ஒரு கையால் பிடித்துப் படிப்போருக்கு, குறிப்பாக மணிக்கட்டு வலியுள்ள முதியோருக்கு, இவ்வேறுபாடு பெரிது. பாரத்தால் படிப்பதையே குறைத்துக்கொள்ள நேர்ந்தால், அந்த உறை தன் நோக்கத்துக்கே எதிரானது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. பெருவிரல் சோதனை: கருவி இல்லாத வெற்றுறையின் முன்மூடியை உள்ளங்கைமேல் வைத்து, அதன் நடுவில் பெருவிரலால் அழுத்துவோம். விரலின் அழுத்தம் ஒரே புள்ளியாக உள்ளங்கையில் உறைத்தால் மூடியில் விறைப்பு இல்லை. அழுத்தம் பரவலாக உணரப்பட்டால் மூடி நன்று.

2. விளிம்புச் சோதனை: கருவியைப் பொருத்தியபின், உறையின் விளிம்பு திரையின் மட்டத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். குப்புற விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது விளிம்பாக இருக்கும்.

3. மூலைச் சோதனை: நான்கு மூலைகளும் முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும். ரப்பர் பட்டைகளால் மட்டும் மூலைகளைப் பிடித்திருக்கும் உறைகள், பட்டை தளர்ந்தபின் பயனற்றவை; நம் வெப்பத்தில் ரப்பர் விரைவில் தளரும்.

4. பூட்டுச் சோதனை: கருவியுடன் உறையை மூடித் தலைகீழாகப் பிடித்து மெல்ல அசைப்போம். கீழே மெத்தை போன்ற ஒன்றை விரித்துக்கொள்வது நல்லது. மூடி தானாகத் திறந்தால், பைக்குள்ளும் திறக்கும்; அங்கே சாவிக்கொத்து காத்திருக்கும்.

5. ஜிப் சோதனை: ஜிப் உள்ள உறையாயின், அதன் பற்கள் திரையை உரசாதபடி உட்புறத்தில் துணி மடல் உள்ளதா என்று பார்ப்போம்.

6. பயன்பாட்டுச் சோதனை: மின்னேற்றத் துளையும் பொத்தானும் தடையின்றி எட்டுகின்றனவா, மூடியைப் பின்புறம் மடித்தால் தட்டையாக அமர்கிறதா, மூடித் திறக்கும்போது கருவி உறங்கி விழிக்கிறதா என்று பார்ப்போம்.

இணையத்தில் வாங்குவோருக்கு இச்சோதனைகளை முன்கூட்டியே செய்ய வாய்ப்பில்லை. திருப்பியனுப்பும் காலத்தையும் நிபந்தனைகளையும் படித்தறிந்தபின் வாங்கி, பொருள் வந்த அன்றே இச்சோதனைகளைச் செய்தல் வேண்டும். பொட்டலத்தின் மீது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்ட அளவையியல் விதி. குறை நேர்ந்து விற்பனையாளர் செவிசாய்க்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

மூவர், மூன்று தேர்வுகள்

மும்பையின் புறநகர் இரயிலில் நாள்தோறும் பயணம் செய்யும் ஊழியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவரது முதன்மையான இடர் அழுத்தம், அடுத்தது மழை. விறைப்பான மூடியுள்ள புத்தக உறை அவருக்கு இன்றியமையாதது. பையில் டிபன் பெட்டியும் கருவியும் ஒரே அறையில் இருத்தல் கூடாது. முதுகோடு ஒட்டிய அறையில், திரைப்பக்கம் முதுகை நோக்கியவாறு கருவியை வைத்தால், வெளியிலிருந்து வரும் இடிகள் திரையில் நேராக விழா. நெரிசலில் பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்வது கருவிக்கும் நன்று, பணப்பைக்கும் நன்று.

பணி ஓய்வு பெற்று, வீட்டிலேயே படிக்கும் பெரியவர் ஒருவரின் நிலை வேறு. அச்சு நூலின் சிறிய எழுத்து அவருக்கு எட்டுவதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க உதவும் இக்கருவியே அவரது நூலகம். அது உடைந்தால் அவரது வாசிப்பே நின்றுவிடும். அவருக்குரிய இடர்கள், கையிலிருந்து நழுவுவதும், நாற்காலியில் வைத்ததன்மீது யாரேனும் அமர்வதும் ஆகும். எடை குறைந்த, சொரசொரப்பான பிடிப்புள்ள முதுகு உறையும், படித்து முடித்தபின் செருகி வைக்க விறைப்பான ஓர் உறையும் அவருக்குப் பொருந்தும். கைப்பட்டை உள்ள உறை மணிக்கட்டின் பாரத்தைக் குறைக்கும். எல்லாவற்றினும் மேலாக, கருவிக்கென்று மேசையில் நிலையான ஓர் இடத்தைக் குறித்துவிடுவது செலவில்லாத பாதுகாப்பு.

விடுதியில் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி மூன்றாமவர். தடித்த நூல்களுக்கு இடையே கருவி நெருக்கப்படுவதும், விடுமுறைகளில் நெடுந்தொலைவு இரயிலில் செல்வதும் அவரது வாழ்க்கை. அன்றாடத்துக்குப் புத்தக உறையும், பயணத்தின்போது அதன்மேல் ஒரு கான்வாஸ் பையும் அவருக்குத் தகும். விமானத்தில் செல்ல நேர்ந்தால், லித்தியம் பேட்டரி உள்ள இக்கருவியைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது பாதுகாப்புக்கும் உகந்தது, கருவிக்கும் உகந்தது.

செலவைக் கணக்கிடுவோம்

எடுத்துக்காட்டாக, கருவியின் விலை ரூ.12,000 என்றும், அது நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொள்வோம். 48 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் ரூ.250 ஆகிறது. ரூ.1,200 விலையுள்ள நல்ல உறையும் அதே காலம் உழைத்தால், அதற்கான செலவு மாதம் ரூ.25. ரூ.300 விலையுள்ள உறை ஆண்டுதோறும் உரிந்து, நான்கு முறை மாற்றப்பட்டால், அதற்கும் ரூ.1,200 ஆகிவிடுகிறது, உரியும் காலத்தில் பாதுகாப்பும் இல்லை. உறையின்றி 10-ஆம் மாதத்தில் திரை உடைந்தால், அக்கருவி நமக்கு மாதம் ரூ.1,200 வீதம் செலவு வைத்திருக்கிறது.

‘உத்தரவாதம் இருக்கிறதே’ என்று எண்ணுவோர் அதன் வாசகத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். வழக்கமான ஓராண்டு உத்தரவாதம், உற்பத்திக் குறைபாட்டுக்கே உரியது. கைதவறி விழுந்து உடைந்ததற்குப் பொருந்தாது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுக் காப்பீடும் தீ, வெள்ளம், புயல் போன்ற இடர்களுக்கானதே. விபத்துப் பாதுகாப்புத் திட்டம் எனக் கூடுதல் கட்டணத்தில் தரப்படுவதை ஏற்குமுன், அதில் திரை உடைப்பு அடங்குமா, எத்தனை முறை கோரலாம், நாம் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும்.

இருப்பினும் அளவு வேண்டும். கருவியின் விலையில் பாதிக்கு உறை வாங்குவது காப்பு ஆகாது, ஆடம்பரமே ஆகும். விறைப்பான மூடி, மூடிய மூலைகள், சரியான அளவு ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால், அதற்கு மேல் செலுத்தும் தொகை அழகுக்கானது. அழகுக்குச் செலவிடுவது தவறன்று. அதைப் பாதுகாப்பு என்று எண்ணிச் செலவிடுவதே தவறு.

உறைக்குள் வைக்கத் தகாதவை

சில உறைகளில் அட்டைகளைச் செருகும் சிறு பைகள் உண்டு. அவற்றில் வங்கி அட்டைகளை வைப்பதைத் தவிர்ப்போம். 2018 டிசம்பர் இறுதிக்குள் காந்தப்பட்டை மட்டும் கொண்ட அட்டைகளை நீக்கிச் சில்லு பதித்த அட்டைகளை வழங்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி பணித்திருந்தது. உறையின் காந்தம் அச்சில்லைப் பாதிக்காது. ஆயினும் பல அட்டைகளின் பின்புறத்தில் காந்தப்பட்டை இன்றும் உள்ளது. வலிய காந்தத்தின் அருகில் தொடர்ந்து இருந்தால் அதன் பதிவு அழியக்கூடும். அதைவிட முதன்மையான காரணம் ஒன்றுண்டு. கருவி தொலைந்தால் அட்டையும் உடன் தொலையும்.

அதேபோல், கடவு எண்ணையோ அட்டையின் இரகசிய எண்ணையோ எழுதிய சீட்டை உறைக்குள் வைத்தலாகாது. கண்டெடுப்பவர் திருப்பித் தருவதற்கு ஒரு கைப்பேசி எண் மட்டும் போதும். பேனா, சாவி, நாணயம் ஆகியவையும் திரைக்கும் மூடிக்கும் நடுவே இருத்தல் கூடாது. மூடியின் விறைப்பே அப்பொருளைத் திரையின்மேல் அழுத்திவிடும்.

கருவிக்குக் கடவு எண் இட்டு வைப்பதும், விலைச்சீட்டையும் வரிசை எண்ணையும் தனியே பாதுகாப்பதும் உறை செய்ய இயலாத வேலைகள். தொலைந்துவிட்டால் நம் கணக்கிலிருந்து அக்கருவியை உடனே நீக்கிவிட வேண்டும்; இல்லையேல் அக்கணக்கின் வழியாகப் பிறர் நூல்களை வாங்க இடமுண்டாகும்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை கருவியை உறையிலிருந்து முழுமையாகக் கழற்றி, உறையின் உட்புறத்தைத் தூரிகையால் தட்டித் துடைப்போம். உள்ளே தங்கிய மணல்துகள், ஒவ்வோர் அசைவிலும் உப்புத்தாளைப் போல் கருவியைத் தேய்க்கும். திரையை உலர்ந்த, மென்மையான, நூல் உதிராத துணியால் மட்டும் துடைக்க வேண்டும். கைகழுவும் சானிடைசர் போன்ற திரவங்கள் வேண்டா. தடித்த செருகு உறைக்குள் வைத்தவாறே மின்னேற்றம் செய்வதையும், கோடையில் காருக்குள் விட்டுச் செல்வதையும் தவிர்த்தால் பேட்டரியின் ஆயுள் நீளும்.

ஒரு பயிற்சி

புதிய உறை வாங்குவதற்கு முன், இன்றிரவு நாம் வழக்கமாக எடுத்துச் செல்லும் பையை மேசையின்மேல் கவிழ்த்து, உள்ளிருந்தவற்றை வரிசையாக அடுக்குவோம். அவற்றுள் கூர்முனை உடையவை எவை, கனமானவை எவை, நீர் கசியக்கூடியவை எவை என்று பிரிப்போம். பிறகு கருவி அமரும் இடத்தை அவற்றுக்கு நடுவே வைத்துப் பார்ப்போம். கூரியதும் கனத்ததும் மிகுந்திருந்தால் நமக்கு வேண்டியது பலகை. கசிவதும் தூசியும் மிகுந்திருந்தால் வேண்டியது துணி. இரண்டும் மிகுந்திருந்தால், உறையை மாற்றுவதோடு, பையில் உள்ளவற்றின் இடத்தையும் மாற்ற வேண்டும். இவ்வளவையும் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்பவருக்கு, விற்பனையாளர் எடுத்துக் காட்டும் பத்து உறைகளில் எட்டைப் பார்த்தவுடனே ஒதுக்கிவிட இயலும்.